சேணம் போடுவதற்கு முன்பே போய்விடுங்கள்: செவலைக் குதிரையைப் பார்த்துவிட்டு வந்த கதை

வணக்கங்க. வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுப் பேசுகிறேன், வீட்டுக்குப் போய்ப் பேசினால் பாதி மறந்துவிடும். காலை ஆறு மணியிலிருந்து கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு பெண் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குஜராத் பக்கத்துக் கத்தியவாரி இனம், செவலை நிறம், உயரம் 58 இஞ்ச், ஆறு வயது என்று சொன்னார்கள். என் மகளுக்காகத்தான் பார்க்கிறேன். அவளுக்குப் பதின்மூன்று வயது, மூன்று வருடமாகக் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள்.

ஏன் தோட்டம் தேடிப் போனேன், சந்தையிலேயே வாங்கியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனோம். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே அங்கே குதிரை வியாபாரம் நடப்பதாகச் சொல்வார்கள், குதிரைப் பிரியர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே நொக்ரா என்கிற வெள்ளைக் குதிரை ஒன்று நின்றது. பால் வெள்ளை, ரோஸ் நிறத் தோல், சுற்றிலும் மேளமும் கூட்டமும் இருந்தும் அசையாமல் நின்றது. மகள் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எட்டு வயது என்றார்கள். தரகர் துண்டைப் போட்டு என் விரலைப் பிடித்து விலை பேச ஆரம்பித்துவிட்டார், நானும் மயங்கிப்போய் நிற்கிறேன். அப்போது கூட வந்திருந்த என் தாய்மாமா, குதிரையின் மேலுதட்டைத் தூக்கி, முன்பல் வரிசையின் கடைசியில் இருக்கிற ஓரப்பல்லைப் பார்த்தார். "மாப்ள, இதுக்குப் பதினஞ்சாவது இருக்கும், கைய உருவு" என்றார்.

அவர் பார்த்தது இதுதான். குதிரைக்குப் பத்து வயது வாக்கில் மேல்தாடை ஓரப்பல்லில் ஈறுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போலப் பள்ளம் தெரிய ஆரம்பிக்கும். பதினைந்தில் அது பாதிப் பல்லுக்கு இறங்கியிருக்கும், இருபதில் பல் முழுக்க ஓடும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனால் எட்டு வயதுக் குதிரைக்குப் பாதிப் பல்லுக்குக் கோடு வராது. அப்புறம்தான் கவனித்தேன், அதன் கீழுதடு தொங்கிக்கொண்டிருந்தது, கண் பாதி மூடியிருந்தது, அவ்வளவு மேளச் சத்தத்திலும் காது திரும்பவில்லை. மயக்க ஊசி போட்டிருந்தார்களா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் குதிரை என்றால் சத்தம் வரும் பக்கம் காது திரும்ப வேண்டும்.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி எந்தக் குதிரையையும் அது வளர்கிற இடத்தில், அவிழ்ப்பதற்கு முன்னால்தான் பார்ப்பது என்று.

நேற்று ராத்திரி இந்தச் செவலையை விற்கிற தோட்டத்து அண்ணனுக்குப் போன் செய்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அண்ணா, நான் வந்தப்புறம் அவிழ்க்கலாங்க, அதுவரைக்கும் சேணம் போட வேண்டாங்க." காரணம் இருக்கிறது. மூட்டில் பிடிப்பு இருக்கிற குதிரை அரைமணி நேரம் நடந்தால் சரியாகிவிட்டது போல இருக்கும். முரட்டுக் குதிரையை ஒரு மணி நேரம் ஓட்டிக் களைக்க வைத்தால், நாம் போகும்போது ஆட்டுக்குட்டி போல நிற்கும். ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஆறு மணிக்கே போனேன். போனதும் நெஞ்சிலும், சேணத்தின் வயிற்று வார் கட்டுகிற இடத்திலும், காதுக்குப் பின்னாலும் தொட்டுப் பார்த்தேன். எங்கேயும் ஈரம் இல்லை, வியர்வை காய்ந்த உப்புக் கோடும் இல்லை.

ஆனால் கொட்டடியின் குறுக்குக் கட்டையில் பல்தடம் இருந்தது. சில குதிரைகள் கட்டையைப் பல்லால் பிடித்துக் காற்றை விழுங்கும், அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போகாது. அண்ணனிடம் கேட்டால் முன்பிருந்த குதிரை கடித்தது என்றார். நம்பலாம், ஆனாலும் முன்பற்களின் விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இருபது நிமிடம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன், கட்டைப் பக்கமே அது போகவில்லை. வயதும் பொருந்தி வந்தது. ஐந்து வயதுக்குள் எல்லாப் பால்பல்லும் விழுந்து நிலைப்பல் வந்துவிடும், ஆறில் கீழ்த்தாடையின் நடு இரண்டு பல்லின் கடிக்கிற பரப்பில் இருக்கிற குழி கிட்டத்தட்ட மறைந்திருக்கும். இதற்கு அப்படியேதான் இருந்தது.

உடம்பில் முடி சுழன்றிருக்கிற இடங்களை வைத்து ராசி பார்க்கிற சுழி பார்ப்பதற்கு மட்டும் அரைமணி நேரம் ஆனது. சுழியைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் மாமாவும் பார்ப்பார், நாளைக்கு விற்கும்போது விலையில் அது வந்து நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் பாதியையாவது குளம்புக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நாலு காலையும் தூக்கச் சொல்லிப் பாருங்கள், தூக்கத் தருகிறதா என்பதே முதல் பரீட்சை. அடியில் அழுகல் நாற்றம் வருகிறதா, ஒரு குளம்பு மட்டும் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா, லாடம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதற்குப் பின்னங்கால் ஒன்றில் லேசான நாற்றம் இருந்தது, ஈரத்தில் நின்றதால் வந்தது, சுத்தம் செய்து காய வைத்தால் சரியாகிற விஷயம்.

அப்புறம் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, சிமென்ட் களத்தில் ட்ராட், அதாவது துள்ளுநடை, ஓட்டச் சொன்னேன். மணலில் ஓட்டிக் காட்டினால் நம்பாதீர்கள், கெட்டித் தரையில்தான் நொண்டல் தெரியும். கண்ணை மூடிக் காலடிச் சத்தத்தைக் கேட்டாலே தாளம் தப்புவது புரியும். முன்னங்காலில் வலி என்றால் அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும், நல்ல காலை ஊன்றும்போது தலை இறங்கும். இது சீராக ஓடியது. அந்த நடையைப் பார்க்கும்போது மனசு அப்படியே நிறைந்துவிட்டது.

ஏறுவதற்கு முன்னால் டேப் வைத்து அளந்தேன். நெஞ்சுச் சுற்றளவு 162 சென்டிமீட்டர், தோள்முனையிலிருந்து பிட்டம் வரை நீளம் 150. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை வரும். சுமார் 331 கிலோ வந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு 66 கிலோ, சேணத்தையும் சேர்த்து அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்பது என் கணக்கு. நான் சேணத்தோடு 65 கிலோ, அதனால் இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

முதலில் அவர்கள் வீட்டுப் பையன்தான் ஏறினான். விற்கிறவர் பக்கத்து ஆள் ஏறிக் காட்டாத குதிரையில் நான் ஏறுவதில்லை, நீங்களும் ஏறாதீர்கள். வார் இறுக்கும்போது காதை மடக்குகிறதா என்பதைக் கிட்டே நின்று பாருங்கள், முதுகுவலி இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுக்கும். களத்துக்குள் எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. நிறுத்தினால் நின்றது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்பியது.

வாசல் தாண்டினேன், அங்கேதான் பிரச்சினை வந்தது. நூறு அடி போனதும் நின்றுவிட்டது. கொட்டடியில் இருந்த இன்னொரு குதிரையை நினைத்துக் கனைக்கிறது, தலையைத் திருப்பி வீட்டுப் பக்கமே இழுக்கிறது. நான் பொறுமையாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் தூரம் வந்தது, ஆனால் உடம்பு முழுக்க இறுகிப்போய் வந்தது. இறங்கியதும் நாடி பார்த்தேன். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும், பதினைந்து நிமிடத்தில் 42க்கு வந்துவிட்டது. ஆக உடம்பில் குறை தெரியவில்லை, தனியாகப் போகப் பயப்படுகிறது. எங்கள் வீட்டில் அதற்குத் துணைக்குதிரை கிடையாது. அதை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

விலை ஒரு லட்சத்து அறுபதாயிரம் சொல்கிறார் அண்ணன். "அட்வான்ஸ் போட்டுட்டுப் போங்க தம்பி, நாளைக்கு இன்னொருத்தர் வர்றாங்க" என்றார். போடவில்லை. வெள்ளிக்கிழமை கால்நடை மருத்துவர் வந்து ரத்தம் எடுக்கிறார், கிளாண்டர்ஸ் பரிசோதனை முடிவு கைக்கு வராமல் பணம் கைமாறாது என்று சொல்லிவிட்டேன். மனிதனுக்கும் தொற்றக்கூடிய நோய் அது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலைதான் செய்வார்கள், அதனால் யாருக்காகவும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருக்கிறார்களா என்பதற்கும் அதே ரத்தத்தில் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் முகம் சுளிக்காமல் சரி என்றார், அது எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போகிறேன். அந்த நேரத்தில் ரோட்டில் கரும்பு டிராக்டர் ஓடுமாம், கேட்டு வைத்திருக்கிறேன். வாசல் தாண்டி அவளோடு எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்க வேண்டும்.