ஆர்க்கிட் தொட்டியில் கிளம்பும் குட்டிப் பூச்சிக்கு ஒரு ஒட்டும் இலை

(காட்சி: ஜன்னலோரம் ஒரு ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் தொட்டி. தண்ணீர் ஊற்றியதும் நாலைந்து கருப்புப் பூச்சிகள் எழும்புகின்றன.)

வணக்கம். தண்ணீர் பட்டதும், ஆர்க்கிட்டை நட்டிருக்கும் மரப்பட்டைத் துண்டுகளுக்குள் இருந்து கிளம்புகிறதே, பார்த்தீர்களா? இது கடிக்கிற கொசு இல்லை. ஃபங்கஸ் நாட். தமிழில் பூஞ்சைக் கொசு என்று வைத்துக்கொள்வோம். கடிக்காதே தவிர, டீ டம்ளருக்குள் ஒன்று, போன் திரையில் ஒன்று, அசந்தால் மூக்குக்குள் ஒன்று. வீட்டில் அதற்கு விழும் திட்டு முழுக்க செடி வளர்க்கிற ஆளுக்குத்தான்.

பூச்சி தின்னும் செடி ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன், வேலை செய்கிறது. ஆனால் எந்தச் செடி, அது எந்த மண்ணில் நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது தெரியாமல் நான் இரண்டு முறை காசை வீணடித்தேன்.

முதலில் வாங்கியது, எல்லோரையும் போல, வீனஸ் ஃப்ளைட்ராப். வாயை மூடுகிற அழகுக்காக வாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். நம் பூச்சி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பொறி மூடினாலும் பல் இடுக்கு வழியாக நழுவிவிடும். சின்ன இரைக்காக மெனக்கெட வேண்டாம் என்றுதான் அந்த இடுக்கு இருக்கிறது என்று டார்வின் 1875-லேயே எழுதிவிட்டார். நான்தான் லேட்.

(காட்சி: டிரொசீரா இலையின் நெருக்கப் படம். சிவப்பு முடிகளின் நுனியில் பசைத்துளிகள்.)

அடுத்து டிரொசீரா, அதாவது சன்டியூ. நம் ஊர் ஈர நிலங்களிலும் இதன் வகைகள் உண்டு, அழுகண்ணி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் வாங்கியது தென்னாப்பிரிக்காவின் கேப் சன்டியூ. பிடிப்பதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, இலை முழுக்கப் பூச்சி. ஆனால் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வீட்டில் பூச்சி குறைந்தபாடில்லை, கூடியிருந்தது. ஏன் என்றால் இந்தச் செடியைப் பீட் மாஸில், அதாவது மக்கிய பாசியில் நட்டு, அடியில் தட்டு வைத்து, தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்க வைக்க வேண்டும். நனைந்தே கிடக்கிற பீட் மாஸ் பூஞ்சைக் கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி. மேலே பிடித்துத் தின்கிறது, கீழே பெற்று வளர்த்து அனுப்புகிறது.

சரி, மூன்றாவதாக வந்ததுதான் இது.

(காட்சி: பிங்குயிகுலா. உள்ளங்கை அகலத்தில், ரோஜாப்பூ அடுக்கு மாதிரி வெளிர் இலைகள்.)

மெக்சிகன் பட்டர்வார்ட், பிங்குயிகுலா இனம். இலையைத் தொட்டால் வெண்ணெய் தடவின மாதிரி வழவழப்பு. பூச்சி வந்து உட்காரும், ஒரு காலைத் தூக்கும், கூடவே மெல்லிசாக ஒரு பசை நூல் இழுபடும், அடுத்த காலை ஊன்றும், அதுவும் மாட்டிக்கொள்ளும். மறுநாள் பார்த்தால் அதைச் சுற்றி இலை நனைந்திருக்கும், செரிமான நீர் சுரக்கிறது என்று அர்த்தம். சில நாளில் இறக்கையும் கூடும் மட்டும் மிஞ்சும். இந்தச் செடியில் எனக்குப் பிடித்தது அதன் மண். பெர்லைட், கழுவிய ஆற்று மணல், கொஞ்சம் வெர்மிகுலைட் போதும் (பெர்லைட்டும் வெர்மிகுலைட்டும் சூட்டில் பொரித்த லேசான கனிமத் துகள்கள்). மக்குகிற பொருள் எதுவும் இல்லாததால் அந்தத் தொட்டிக்குள் பூஞ்சைக் கொசுவின் புழுவுக்குச் சாப்பாடு கிடையாது.

இப்போது கசப்பான பகுதி. இலையில் ஒட்டுவது வளர்ந்த பூச்சி, அது எப்படியும் ஒரு வாரம் பத்து நாளில் சாகப்போவதுதான். ஆனால் ஒரு பெண் பூச்சி நூறுக்கு மேல் முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் கண்ணாடி மாதிரி உடலும் கருப்புத் தலையும் உள்ள புழு, மக்கின பட்டையையும் பூஞ்சையையும் தின்றுகொண்டு இரண்டு வாரம் உள்ளேயே கிடக்கும். இளம் நாற்றாக இருந்தால் வேரையும் கடிக்கும். அதைச் செடி ஒன்றும் செய்யாது.

ஆனால் செடி துப்புக் கொடுக்கும். பட்டர்வார்ட்டை ஒவ்வொரு ஆர்க்கிட் பக்கத்திலும் ஒரு வாரம் வைத்து, எத்தனை ஒட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். மற்ற இடங்களில் மூன்று நான்கு. ஒரு வெள்ளை ஃபெலனாப்சிஸ் பக்கத்தில் மட்டும் 19. அந்தத் தொட்டியைக் கவிழ்த்தேன். வெளியே பட்டை நன்றாகத்தான் இருந்தது. வேர்களுக்கு நடுவில், நர்சரியில் நாற்றாக இருந்தபோது வைத்த ஸ்பாக்னம் மாஸ் (ஈரம் பிடித்து வைக்கும் பாசி) உருண்டை அப்படியே கருத்து, பிழிந்தால் சொட்டுகிற மாதிரி ஊறிக்கிடந்தது. கடையில் பூவோடு வாங்கும் ஃபெலனாப்சிஸ் பலவற்றிலும் இது இருக்கும், பூ உதிர்ந்ததும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அதை எடுத்துப் போட்டு, புதுப் பட்டையில் நட்டேன்.

மீதிப் புழுவுக்கு பி.டி.ஐ., அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ். கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்துதான். பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவில் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் ஊற்ற வேண்டும். உரக்கடையில் பி.டி. என்று மட்டும் கேட்டால் காய்ப்புழுவுக்கான குர்ஸ்டாகி வகையைக் கொடுத்துவிடுவார்கள், அது இதற்கு உதவாது. லேபிளில் இஸ்ரேலென்சிஸ் என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், ஆர்க்கிட்டுக்கு உரத்தண்ணீர் ஊற்றும்போது பட்டர்வார்ட்டை நகர்த்தி வையுங்கள், அந்தச் சொட்டு அதற்கு ஆகாது. மேலே ஸ்பிரே அடித்தால் பசை கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீர் மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ, இரண்டு செடிக்கும் அதுவே நல்லது.

இன்னொன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. லெபாந்தஸ் என்று ஒரு குட்டி ஆர்க்கிட். கோஸ்டாரிகாவில் அதன் பூவைப் பெண் பூச்சி என்று நினைத்து ஆண் பூஞ்சைக் கொசு வந்து இணை சேரப் பார்த்து, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகிறது. நாம் திட்டுகிற பூச்சியின் உறவுக்காரன்தான்!

(காட்சி: குளிர்காலத்தில் அதே பட்டர்வார்ட். இலைகள் குட்டையாக, தடித்து, பசை இல்லாமல்.)

குளிர்காலத்தில் இது இப்படிச் சுருங்கினால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். இந்த இலைகளில் பசை இருக்காது, பூச்சி பிடிக்காது, தண்ணீரும் கொஞ்சம் போதும். அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு நான் ஒரு மஞ்சள் ஒட்டு அட்டையைத் தொட்டிக்குப் பின்னால், விருந்தாளிகள் கண்ணில் படாத மாதிரி செருகி வைக்கிறேன்.