கண்ணில் படாதவரோடு பேசிய நடிகர்

நேயர்களுக்கு வணக்கம்.

1947 ஆகஸ்ட் 15, அதிகாலை. தில்லி வானொலி நிலையத்தில், கதவு சாத்திய சின்ன அறைக்குள் 25 வயது இளைஞர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தமிழில் செய்தி வாசிக்கிறார். நாடு விடுதலை அடைந்துவிட்டது என்பதுதான் அன்றைய செய்தி. அதை வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். உங்களில் பலர் அவரைத் திரைப்படங்களில் அப்பாவாகவும் தாத்தாவாகவும் பார்த்திருப்பீர்கள். அந்த அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் பயிற்சிக் கூடமாக இருந்தது இதே வானொலிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அலுவலகம் விட்டதும் ஒத்திகைக்கு ஓடும் அமெச்சூர் நாடகக்காரர்களில் நானும் ஒருவன். வசனத்தை எப்படிச் சொல்வது என்பது எங்களுக்குத் தீராத கவலை. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'பிரதமர் இன்று காலை' என்று தொடங்கினால், அவர் வந்தாரா, போனாரா, மறுத்தாரா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதற்குள் மூச்சு தீர்ந்து குரல் அமுங்கிவிட்டால், கேட்பவருக்குச் செய்தியே போய்ச் சேராது. ஆகவே செய்தி வாசிப்பவர் எங்கே மூச்சு எடுப்பது, எந்தச் சொல்லைத் தாங்கிப் பிடிப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்கிறார். பூர்ணம் இந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் போட்டவர். சபா மேடையில் அவர் பேசும்போது கடைசி வரிசையில் இருந்த எனக்கும் வினைமுற்று வந்து சேர்ந்தது. இத்தனைக்கும் அவர் கத்தவே மாட்டார்.

செய்தி வாசிப்புக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வாசிப்பவர் தன் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் செய்தியின் மேல் பூசக் கூடாது. நாடகத்தில் இது பெரிய பலம். எங்களைப் போன்றவர்கள் சோகக் காட்சி வந்ததும் நாமே முதலில் அழுதுவிடுகிறோம். பார்ப்பவர் அழுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பூர்ணம் அந்த மிச்சத்தை நமக்கென்று எடுத்துவைப்பவர்.

தில்லியிலேயே அவர் மேடையேறிவிட்டார். பிறகு சென்னைக்கு வந்து மத்திய அரசின் 'திட்டம்' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். அலுவலக வேலையும் நாடகமும் சேர்ந்தே ஓடின. 'பூர்ணம் நியூ தியேட்டர்' என்ற அவருடைய குழுவுக்காக எழுத்தாளர் சுஜாதா தொடர்ந்து நாடகங்கள் எழுதினார். 'டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு', 'அடிமைகள்', 'ஊஞ்சல்' என்று அந்த வரிசை நீளும். ஒரு நடிகரின் குரலை மனத்துக்குள் கேட்டுக்கொண்டே ஒரு எழுத்தாளர் வசனம் எழுதுவது தமிழ் நாடகத்தில் எப்போதாவது வாய்க்கும் பேறு. இவர்கள் இருவருக்கும் அது வாய்த்தது.

'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சீனிவாசன் என்றொருவர், பணி ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர் சொல்லுக்கு அவ்வளவாக மதிப்பில்லை. எதிர்காலத்திலிருந்து ஜோ என்றொருவன் அவரைத் தேடி வருகிறான். அவன் சீனிவாசன் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். அவர் அவனோடு பேசுகிறார். வீட்டிலுள்ளவர்களுக்கு அவர் சுவரோடு பேசுவதாகப் படுகிறது. பித்துப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். மேடையில் இதைச் செய்வது எளிதில்லை. ஜோவிடம் பேசும்போது நண்பனிடம் பேசும் நெருக்கம் வேண்டும். அதே நொடியில், மனைவி மகள் பார்வையில் அது பிதற்றலாகவும் தெரிய வேண்டும். கண்ணில் படாத ஒருவரோடு, அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பதுபோலப் பேசுவது பூர்ணத்துக்குப் பல ஆண்டுப் பழக்கம். வானொலி அறைக்குள் அவர் தினமும் செய்த வேலையே அதுதானே!

சிரிக்க வைத்த அதே மனிதர் 'ஊஞ்சல்' நாடகத்தில் நம்மைக் கலங்க வைத்தார். ஒரு காலத்தில் நன்றாக வாழ்ந்த பொறியாளர் வரதராஜன், இப்போது மகளின் சம்பளத்தில் வாழ்கிறார். தன்னுடைய பெரிய திட்டம் என்றாவது ஒருநாள் ஏற்கப்படும் என்று காத்திருக்கிறார். காலம் தன்னைத் தாண்டிப் போய்விட்டது என்பது அவருக்கு மட்டும் தெரியவில்லை. இப்படியொரு பெரியவர் நம் எல்லோர் உறவிலும் இருக்கிறார். அவரைப் பரிதாபப் பொருளாக ஆக்காமல், அவருடைய மிடுக்கோடு நிறுத்திக் காட்டினார் பூர்ணம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

திரையுலகம் அவரை நரைத்த பிறகுதான் அதிகமாக அழைத்தது. 'வருஷம் 16' தாத்தாவும், 'மகாநதி' படத்தில் சிறைக்குள் இருக்கும் பஞ்சாபகேசனும் பலருக்கு நினைவிருக்கும். 'அப்பா வேட நடிகர்' என்று ஒரே சொல்லில் அவரை முடித்துவிடுவதை நான் ஒப்பமாட்டேன். 1980இல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தின் தந்தை சங்கீதக்காரர், கண்டிப்பானவர். தில்லிக்கு வந்து, முடிதிருத்தும் கடையில் நுழைந்தால், அங்கே வேலை செய்பவன் தன் மகன். வேறொருவர் கையில் அந்தக் காட்சி ஒப்பாரியாக முடிந்திருக்கும். 1995இல் வந்த 'ஆசை' படத்தின் தந்தையோ மருமகனை முழுக்க நம்புகிறார். அந்த மருமகன் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பிரகாஷ்ராஜ் ஏற்ற அந்தப் பாத்திரம் நம்மை அத்தனை அச்சுறுத்தியதில் பாதிப் பங்கு, எதிரே வெள்ளை மனத்தோடு நின்ற பூர்ணத்துக்கு உரியது. இருவரும் அப்பாக்கள்தாம். ஆனால் நடையிலும் பேச்சிலும் ஒருவர் சாயல் மற்றவரிடம் இல்லை.

2008 பிப்ரவரியில் சுஜாதா மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி பூர்ணமும் போய்விட்டார். எழுதியவரும் பேசியவரும் ஏழு மாத இடைவெளியில் விடைபெற்றார்கள்.

நாடகங்கள் அச்சில் இருக்கின்றன. நாங்கள் சில நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடி அவற்றை வாய்விட்டு வாசிக்கிறோம். இந்த நிலையத்தாரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தை இளைய நடிகர்களை வைத்து வானொலியில் ஒலிபரப்புங்கள். சீனிவாசன் குடும்பத்தாரைப் போலவே கேட்பவருக்கும் ஜோ தெரியமாட்டான். ஆனால் அவன் குரல் கேட்கும். அவன் வந்திருக்கிறான் என்று சீனிவாசன் சொல்வதை, இந்த முறை ஊரே நம்பும்.

வணக்கம்.