முதல் இரண்டு நாள்

வணக்கம் நண்பர்களே. கடல் அமிலமாகி வருவதைப் பற்றிப் பேசுவோம். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு பிஎச்; அது இறங்கினால் அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள். தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் பிஎச் சுமார் 8.2. இப்போது 8.1. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பிஎச் பத்து மடங்குக் கணக்கில் ஏறி இறங்குவது. அந்த 0.1 இறங்கினாலே நீரில் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 26 சதவீதம் கூடிவிடும். நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது; அது நீரில் கரைந்து அமிலமாகிறது.

சரி, இதனால் எந்த உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று எப்படிக் கணிப்பது? இதற்கு எனக்கு உடனே நினைவுக்கு வருவது அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரை. அங்கே நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் விஸ்கி கிரீக் என்ற சிப்பிக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. 2007 வாக்கில் அங்கே தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் செத்தன. முதலில் விப்ரியோ பாக்டீரியா மேல்தான் சந்தேகம். நீரைச் சுத்திகரித்தார்கள், சாவு நிற்கவில்லை.

அப்புறம் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பொரிப்பகத்தாரும் சேர்ந்து நீரின் வேதியியலை அளந்தார்கள். கோடையில் வடகாற்று வீசும்போது ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைவு. குஞ்சு இன்னும் இரை தின்னத் தொடங்காத முதல் இரண்டு நாளில், முட்டையில் இருந்த சத்தை வைத்தே ஓட்டைக் கட்டியாக வேண்டும். கார்பனேட் குறைந்தால் அந்தச் சத்து ஓடு கட்டுவதிலேயே கரைந்துபோகும். குஞ்சு உடனே சாவதில்லை. வளர்ச்சி நின்று, பல நாள் கழித்துத்தான் சாகிறது. அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமாக இருந்தது. 2012-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: வளர்ந்த சிப்பியை வைத்துச் சோதித்தாலோ, ஆண்டுச் சராசரியைப் பார்த்தாலோ இந்த ஆபத்து கண்ணில் படாது. எந்த வயதில், எந்த மாதத்தில், எந்த மணி நேரத்தில் என்று கேட்க வேண்டும். ஆமாம், மணி நேரம்கூடத்தான்! பகலில் விரிகுடாவின் கடற்புல் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால், காலையைவிடப் பிற்பகல் நீர் நல்லது. அந்த நேரம் பார்த்துத் தொட்டியை நிரப்பினார்கள். நீரில் சோடியம் கார்பனேட்டும், அதாவது சலவைச் சோடாவும், கலந்தார்கள். குஞ்சுகள் பிழைத்தன.

திறந்த கடலுக்கு யார் சோடா கலப்பது? சால்மன் மீன்கள் தின்னும் சிறகு நத்தைகளுக்கும் (கடலில் மிதந்து வாழும் சிறு நத்தைகள்) இதே போன்ற மெல்லிய ஓடுதான்.

இன்னொன்றும் என்னை உலுக்குகிறது. இன்று அங்கே மேலெழும் ஆழநீர் கடைசியாகக் காற்றைத் தொட்டு 30 முதல் 50 ஆண்டுகள் ஆகியிருக்கும். கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 420 பங்கு) தாண்டிய நம் காலத்துக் காற்றைத் தொட்ட நீர் இனிமேல்தான் அங்கே மேலே வரும்.