பைக்கோடு படகேறும் முன்: துறையைப் பாருங்கள், கயிற்றைப் பாருங்கள்

(காட்சி: ஒட்டனூர் கரை. விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. கரையோரம் பரிசல்கள், சற்றுத் தள்ளி ஒரு விசைப்படகு.)

வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஏரியூருக்கு அப்பால், சாலை தண்ணீரில் போய் முடிகிற ஊர் ஒட்டனூர். எதிரே தெரிவது சேலம் மாவட்டத்தின் கோட்டையூர். நடுவே கிடப்பது மேட்டூர் அணையில் தேங்கிய காவிரி. கொளத்தூருக்கோ மாதேஸ்வரன் மலைக்கோ போகிறவர்கள் இங்கே வண்டியைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ந்துவிடுகிறார்கள். இல்லையென்றால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இதே மாவட்டத்து நாகமரையிலிருந்து பண்ணவாடிக்கும் இப்படியொரு துறை இருக்கிறது.

நம் பக்கத்து இளைஞர்கள் இப்போது பைக்கிலேயே கொச்சி, கொங்கண், குஜராத் என்று நெடுந்தூரம் போகிறார்கள். வழியில் ஆறும் கடலும் குறுக்கிடும் இடங்களில் எந்தப் படகை நம்பி வண்டியை ஏற்றுவது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் முதலில் விசாரிப்பது கட்டணத்தை, அடுத்து நேரத்தை. இரண்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் பார்க்க வேண்டியது வண்டி ஏறி இறங்கும் துறையை. அடுத்தது, படகில் வண்டியை எதைக்கொண்டு, எங்கே கட்டுகிறார்கள் என்பதை.

(காட்சி: தண்ணீர் வடிந்த கரை. ஈரச் சேற்றில் டயர்த் தடம். அருகே நின்று பேசுகிறேன்.)

துறையை ஏன் முதலில் சொல்கிறேன்? நீர் நடுவில் படகு மெல்ல ஆடினாலும் வண்டி அதோடு சேர்ந்தே ஆடும். ஏறும்போது அப்படியில்லை. முன் சக்கரம் ஆடுகிற தளத்தில், பின் சக்கரம் அசையாத தரையில். அந்த ஒரு நொடியில் படகு ஒரு சாண் விலகினால் போதும், கால் ஊன்ற இடம் இருக்காது.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. நீர் நிறைந்திருக்கும் நாளில் தண்ணீர் சாலையின் விளிம்பு வரை வந்துவிடுகிறது, வண்டியைப் பலகை போட்டு நேராகத் தள்ளிவிடலாம். மட்டம் இறங்க இறங்கத் துறையும் கூடவே கீழே நகர்கிறது. அப்போது கரைக்கும் படகுக்கும் இடையே கிடப்பது வண்டல். மேலே காய்ந்து வெடித்ததுபோல் தெரியும். மிதித்தால் கணுக்கால் வரை இறங்கும். இந்தக் காட்சியைப் பாருங்கள். பலகையின் ஒரு முனை பரிசலின் விளிம்பில், மறுமுனை சேற்றில். பரிசல்காரர் பலகையை மிதித்து அழுத்திப் பார்க்கிறார். அது இறங்கியதும் அடியில் தட்டைக் கல் ஒன்றைச் செருகி, மறுபடி மிதிக்கிறார். அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் வண்டியைக் கேட்கிறார். இப்படி ஒருவர் கிடைத்தால் அவர் படகில் ஏறுங்கள். அவசரப்படுத்துகிறவர் படகை விட்டுவிடுங்கள்.

வண்டியின் எடையும் முக்கியம். நம் ஓசூர் டிவிஎஸ் நிறுவனத்தின் எக்ஸ்எல் 100 ஏறக்குறைய 90 கிலோதான். இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். ஸ்ப்ளெண்டர் 110 கிலோவைத் தாண்டும். புல்லட் வகையான கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. அதைச் சேற்றுக் கரையிலிருந்து வட்டப் பரிசலில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். விசைப்படகு வரும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் சுற்றுச் சாலையில் போய்விடுங்கள்.

(காட்சி: ஃபோர்ட் கொச்சி. படகின் முகப்பிலிருந்து இரும்புச் சரிவுப்பாதை இறங்கிச் சாலையைத் தொடுகிறது.)

கடலோரத்தில் துறையின் இயல்பு வேறு. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே 2018 முதல் ஓடும் சேதுசாகர் படகுகள் ரோ-ரோ வகை. அதாவது, வண்டி ஒரு பக்கம் உருண்டு ஏறி, மறுகரையில் உருண்டு இறங்கும். தூக்க வேண்டியதில்லை. ஆனால் நனைந்த இரும்புத் தகடு வழுக்கும். முதல் கியரில், ஹேண்டில்பாரை நேராக வைத்து, ஒரே சீராக ஏறுங்கள். சரிவின் நடுவில் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் சறுக்கும். முன்னால் போகிறவர் தளத்தை அடைந்து ஒதுங்கிய பிறகு நீங்கள் கிளம்புங்கள். சரிவில் நின்று காத்திருக்க நேரக் கூடாது.

மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் தாபோல்–தோபாவே, ஜெய்காட்–தவ்சால், வேஷ்வி–பாக்மாண்ட்லா, ஆகர்தண்டா–திகி என்று கழிமுகத்துக்குக் கழிமுகம் படகு உண்டு. அங்கே சிமெண்டுச் சரிவின் கீழ்ப்பகுதி தாழ்நீரின்போது வெளியே தெரியும். அதில் பச்சைப் பாசி படிந்திருக்கும். கூடுமானவரை நீர் உயர்ந்திருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். கடல் ஏற்ற இறக்கம் எப்போது என்று துறைக்காரர்கள் வாய்ப்பாடுபோல் சொல்வார்கள்.

குஜராத்தின் கோகா–ஹஜீரா சேவை 2020 நவம்பரில் தொடங்கியது. சாலையில் 370 கிலோமீட்டர் சுற்ற வேண்டியதைக் கடல் வழி 90 கிலோமீட்டராகக் குறைக்கிறது. இந்தக் கப்பல் கடக்கும் காம்பத் வளைகுடாவில் நீர்மட்டம் ஏறி இறங்குவது நாட்டிலேயே மிக அதிகம் என்பதால், கோகாவில் நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் இணைப்புப் பாலமே கட்டியிருக்கிறார்கள். துறைக்கு இவ்வளவு செலவிட்ட சேவையில் வண்டியோடு ஏற எனக்குத் தயக்கமில்லை.

(காட்சி: வாகனத் தளம். தரையில் பதித்த இரும்பு வளையங்கள். கயிறு கட்டும் கை.)

இப்போது கயிறு. சில நிமிடப் பயணத்தில் யாரும் கட்டுவதில்லை. வண்டியின் பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொண்டால் போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கடலில் போகும் படகில் கட்டாமல் விடவே கூடாது. டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்: தளத்தில் வளையங்கள் உண்டா, கயிறோ ஸ்ட்ராப்போ (இறுக்கிக் கட்டும் பட்டை) தருவார்களா? பதில் மழுப்பலாக இருந்தால் இரண்டு ஸ்ட்ராப்புகளை நீங்களே கொண்டுபோங்கள்.

வண்டியைச் சைடு ஸ்டாண்டில், முதல் கியரில் நிறுத்துங்கள். முன் பிரேக் பிடியை ஒரு ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டிவிடுங்கள். ஸ்ட்ராப்பை முன் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரு குழல்கள்) கிளாம்ப் பக்கம், அதாவது ஹேண்டில்பாருக்குக் கீழே அவற்றைப் பிடித்திருக்கும் இடத்தில் மாட்டி, இரு புறமும் தரை வளையங்களுக்கு இழுங்கள். கண்ணாடியிலும் இண்டிகேட்டரிலும் மாட்டினால் அவைதான் முதலில் உடையும். முன் சஸ்பென்ஷன் பாதி அளவு அமுங்கும் வரை இறுக்கினால் போதும். முழுக்க அமுக்கினால், எண்ணெய் கசியாமல் காக்கும் ஆயில் சீல் கெட்டுவிடும். பின்னால் ஒரு கயிற்றைச் சீட்டின் மேலாகப் போட்டு, அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள். அலாரம் இருந்தால் அணைத்துவிடுங்கள், படகின் ஆட்டத்துக்கே அது கத்தும்.

(காட்சி: மீண்டும் ஒட்டனூர். ஒரு படகில் எத்தனை பேர் என்பதைக் கேமரா மெல்லக் காட்டுகிறது.)

கூட்டத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அசாமில் ஜோர்ஹாட் அருகே நிமாதிகாட்டில் 2021 செப்டம்பர் 8 அன்று, பயணிகளோடு பைக்குகளையும் ஏற்றியிருந்த தனியார் படகு ஓர் அரசுப் படகோடு மோதிக் கவிழ்ந்தது. அதன் பிறகு மாஜுலி தீவுக்கான வழியில் ஒற்றை எஞ்சின் தனியார் படகுகளுக்கு அரசு தடை விதித்தது. படகு சாயும்போது கட்டாத வண்டி தாழ்ந்த பக்கமே சரியும். அந்தப் பக்கம் இருக்கும் ஆட்களையும் நசுக்கும், படகையும் மேலும் சாய்க்கும். அதனால்தான் சிறிய படகில் வண்டி நடுவில் நிற்க வேண்டும் என்கிறேன். வண்டியின் மேல் நீங்கள் உட்காரவும் கூடாது. முதுகுப் பையைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே லைஃப் ஜாக்கெட் அணியுங்கள்.

2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலச் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, ஆய்வு, காப்பீடு எல்லாவற்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. பதிவு எண் படகில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. சிவராத்திரிக்கும் ஆடி அமாவாசைக்கும் மாதேஸ்வரன் மலைக்குப் போகும் கூட்டத்தில் "இன்னும் ஒரு வண்டிதானே அண்ணா, ஏறிக்கொள்ளுங்கள்" என்று கூப்பிடுவார்கள். அன்போடு மறுத்துவிட்டு அடுத்த நடைக்கு நில்லுங்கள். கர்நாடக அணைகள் திறந்து காவிரி பெருகும் நாட்களில், ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை என்று செய்தி வந்தால், இந்தத் துறைகளிலும் விசாரிக்காமல் வீட்டிலிருந்து கிளம்பாதீர்கள்.

யாழ்ப்பாணத்துக்கு வண்டியோடு போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் பயணிகளுக்கு மட்டுமானது, பைக் ஏற்ற முடியாது.

பெரிய கப்பலில் முன்பதிவு செய்யும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியே வண்டி எண்ணைக் கொடுங்கள். பக்கப் பெட்டிகள் பொருத்தியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கப்பல் கிளம்பியதும் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவது வழக்கம் என்பதால் மருந்து, பணம், போன் சார்ஜர் எல்லாம் கையோடு மேலே வர வேண்டும். கேனில் தனியாகப் பெட்ரோல் கொண்டுவராதீர்கள். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, சரிவுப்பாதை முழுக்க இறங்கிய பிறகு எஞ்சினை முடுக்குங்கள். கடல் கடந்த வண்டியை அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். உப்பு ஒரே இரவில் துருவைத் தொடங்கிவைத்துவிடும்.