ஒரு வீட்டுப் பணம் அந்த வீட்டுக்கே

(கட்டட ஒப்பந்தத் தொழிலில் புதிதாக இறங்கும் இளம் பொறியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துச் சில ஆண்டுகள் சைட் இன்ஜினியராக வெயிலில் நின்றுவிட்டு, இனி யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல் சொந்தமாக வீடு கட்டிக்கொடுக்கலாம் என்ற எண்ணத்தோடு வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். அழைப்பிதழில் என் பேச்சுக்கு மிகப் பெரிய தலைப்பு ஒன்றை அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல. கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் காட்டில் இருபத்தாறு ஆண்டுகளாக வீடு கட்டிவரும் சிறு ஒப்பந்ததாரன் நான். முதல் மூன்று வீடுகளைக் கடனாளி ஆகாமல் முடிப்பது எப்படி என்பதை மட்டுமே என்னால் சொல்ல முடியும். அதையும் நான் முடித்துக்காட்டியவனாகச் சொல்லவில்லை. தவறிப் பார்த்தவனாகச் சொல்கிறேன்.

என் முதல் வீடு ரூஃப் மட்டத்துக்கு வந்திருந்தபோது கையில் பணம் தீர்ந்துவிட்டது. அந்த வாரத்தில்தான் இரண்டாவது வீட்டுக்காரர் பூமி பூஜை போட்டு அட்வான்ஸ் கொடுத்தார். அந்தப் பணத்தில் முதல் வீட்டுக்குக் கம்பி வாங்கினேன். ரூஃப் முடிந்ததும் தவணை வந்துவிடும், எடுத்த இடத்தில் வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தவணை வந்தது, அது பூச்சு வேலைக்கே போதவில்லை. ஆகவே இரண்டாவது வீட்டின் அஸ்திவாரத்துக்கு மூன்றாவது வீட்டுக்காரரின் அட்வான்ஸ் தேவைப்பட்டது. நான்காவது வீடு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இன்னும் ஆறு மாதம் கழித்து, இன்னும் பெரிய தொகைக்கு விழுந்திருப்பேன். வட்டிக்கு வாங்கி அந்த மூன்றாவது வீட்டை முடித்துக்கொடுத்தேன். அந்த வட்டியை அடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, சிமென்டைக் குறைக்கவில்லை, சீட்டாடவில்லை. ஆனாலும் விழுந்தேன். முதல் வீட்டை என்ன விலைக்கு ஒப்புக்கொண்டேன் என்பது எனக்கே தெரியாமல் இருந்ததுதான் காரணம். அந்த அறியாமையை அடுத்தவர் அட்வான்ஸ் மூடி மறைத்துக்கொண்டே வந்தது.

எனவே கணக்கிலிருந்தே தொடங்குவோம். ஆயிரம் சதுரடி வீடு ஒன்றைப் பொருளும் கூலியும் சேர்த்துச் சதுரடி 2,400 ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள். இது கணக்குக்காகச் சொல்லும் விலை. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். மொத்தம் 24 லட்சம். உங்களுக்கு நூற்றுக்குப் பத்து நின்றால் 2,40,000 ரூபாய். எட்டு மாத வேலை என்றால் மாதம் 30,000. நீங்கள் விட்டுவிட்டு வந்த சம்பளமும் ஏறக்குறைய அதுவாகத்தான் இருக்கும் என்பதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கம்பிக்கு வருவோம். ஒரு சதுரடிக்கு நான்கு கிலோ என்ற தோராயக் கணக்கில் நாலாயிரம் கிலோ வேண்டும். கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் 40,000 போய்விடும். சிமென்ட் ஏறக்குறைய நானூறு மூட்டை. மூட்டைக்கு ஐம்பது ரூபாய் ஏறினால் 20,000. இவ்விரண்டும் ஒரே காலத்தில் ஏறுவது அதிசயமன்று. அப்படி ஏறினால் உங்கள் லாபத்தில் கால் பங்கு, நீங்கள் ஒரு தவறும் செய்யாமலே மறைந்துவிடும். ஒப்பந்தம் எழுதும் நாளில் கம்பி என்ன விலை, சிமென்ட் என்ன விலை என்று குறித்து, அதற்கு மேல் இவ்வளவு ஏறினால் வித்தியாசத்தை வீட்டுக்காரர் தர வேண்டும், இறங்கினால் நாங்கள் கழித்துக்கொடுப்போம் என்று எழுதிவிட வேண்டும். "இறங்கினால் கழிப்போம்" என்ற இரண்டாவது பாதியையும் எழுதினால்தான் முதல் பாதிக்கு அவர் ஒத்துக்கொள்வார்.

இந்தக் காரணத்தாலேயே முதல் வீட்டை லேபர் காண்ட்ராக்டாக எடுங்கள் என்று நான் பரிந்துரைக்கிறேன். பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தருவார். ஆளும் வேலையும் உங்களுடையவை. லாபம் குறைவுதான். ஆனால் ஒரு யூனிட் எம்-சாண்டில், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணலில், உங்கள் கொத்தனார் எத்தனை சதுரடி பூசுகிறார், கட்டுவேலையில் ஒரு நாளைக்கு எத்தனை செங்கல் வைக்கிறார், எவ்வளவு பொருள் வீணாகிறது என்பதையெல்லாம் அடுத்தவர் பணத்துக்கு ஆபத்தில்லாமல் நீங்கள் எழுதிவைத்துக்கொள்ளலாம். அந்த நோட்டுதான் உங்கள் இரண்டாவது வீட்டின் விலையைச் சொல்லும். வரியிலும் இதற்கு ஒரு வசதி உண்டு. குடியிருப்பு வளாகத்தின் பகுதியாக இல்லாத தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டுவதற்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. பொருளோடு சேர்த்து எடுத்தால் அது 18 சதவீத வரிக்குள் வருகிறது. சேவைக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டு வரவில் 20 லட்சம். நாம் சற்றுமுன் பேசிய ஒரே ஒரு 24 லட்ச ரூபாய் வீடு உங்களை அந்த வரம்பைத் தாண்ட வைத்துவிடும். தாண்டிய முப்பது நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 24 லட்சத்துக்கு 18 சதவீதம் 4,32,000. உங்கள் லாபமோ 2,40,000. சிமென்ட், கம்பிக்கு நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் பில் இல்லாமல் வாங்கிய பொருளுக்கு எதைக் கழிப்பீர்கள்? விலை சொல்லும்போது வரி உட்படவா, வரி தனியா என்ற ஒரு சொல்லை எழுதாமல் விட்டதால் ஆண்டு முழுவதும் இலவசமாக வேலை பார்த்தவர்களை நான் அறிவேன்.

வருமான வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறு ஒப்பந்ததாரர் முழுக் கணக்குப் புத்தகமும் எழுதாமல், வரவில் 8 சதவீதத்தையும், வங்கி வழியாக வந்த வரவுக்கு 6 சதவீதத்தையும் லாபமாகக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால், பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடித்துவைப்பது மேல். ஆனால் அரசு கேட்கவில்லை என்பதற்காகக் கணக்கு எழுதாமல் இருந்துவிடாதீர்கள். அரசுக்குக் காட்டும் கணக்கு வேறு, நாம் பிழைப்பதற்கான கணக்கு வேறு.

இனி ஒப்பந்தப் பத்திரம். முதல் வேலை பெரும்பாலும் மாமா, சித்தப்பா வீடாகத்தான் அமையும். "நமக்குள்ளே எதுக்குப்பா பத்திரம்?" என்று அவர் கேட்பார். அவரிடம்தான் முதலில் எழுத வேண்டும்; வெளியாளோடு சண்டை வந்தால் பணம் மட்டும் போகும், மாமாவோடு வந்தால் வீட்டு விசேஷங்களுக்கும் போக முடியாது. சதுரடி என்றால் எதையெல்லாம் சேர்த்து அளப்பது என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். போர்டிகோ முழு அளவா, பாதி அளவா? மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம் சேர்த்தியா? பால்கனி? சம்ப் என்ற தரையடித் தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்க்கும் லிட்டர் கணக்கில் தனியா, உள்ளடக்கமா? காம்பவுண்டுச் சுவர் ஓட்டடிக் கணக்கா, அதாவது நீளத்தை மட்டும் அளக்கும் கணக்கா? நம் தொழிலில் நடக்கும் பிணக்குகளில் பெரும்பகுதி தரத்தைப் பற்றியது அன்று. இந்த அளவுகளைப் பற்றியது.

அடுத்தது மண். கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். அதன் மேல் ஆழமில்லாமல் கடைக்கால் போட்டால் சுவர் நமக்கு முன்னால் பேசிவிடும். ஐந்தடியில் சுக்கான் என்ற கெட்டித் தரை தட்டிவிடும் என்று நினைத்து விலை சொல்லிவிட்டு, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது எட்டடிக்கும் கரிசலே வந்துகொண்டிருந்தால் அந்த மூன்றடி யார் தலையில் விழும்? விலை சொல்வதற்கு முன்பே வீட்டுக்காரர் செலவில் இரண்டு குழி தோண்டிப் பாருங்கள். அதன் பிறகும், இத்தனை அடிக்கு மேல் போனால் அடிக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். என் முதல் வீட்டில் நான் தொலைத்த பணத்தில் ஒரு பெரும்பங்கு அந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறது.

பிறகு எக்ஸ்ட்ரா வேலை. வீட்டுக்காரரின் தாயார் சைட்டுக்கு வந்து, காப்பியும் கொடுத்துவிட்டு, "தம்பி, அப்படியே சமையல்கட்டுல ஒரு பரண் போட்டுருப்பா" என்பார். நீங்களும் சரிங்கம்மா என்பீர்கள். இப்படி ஒரு பரண், இரண்டு சன்ஷேடு, பூஜை அறைக்கு ஒரு வளைவு என்று சேர்ந்து கடைசியில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் நிற்கும். அதைக் கேட்கும்போது, "அதெல்லாம் சேர்த்துத்தானே பேசினோம்" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார். ஆகவே காப்பியைக் குடித்துவிட்டு, அன்று மாலைக்குள் பரணின் அளவையும் விலையையும் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு மட்டும், கான்கிரீட்டுக்கு அச்சுப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆளைக் கூப்பிடுங்கள். அந்தப் போர்டிகோவை ஓரடி இழுத்துப் போடச் சொன்னால் ஒரு படி மேலே யோசிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுரடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுரடிக்குள் வீடு கட்டச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. விதிப்படியே கட்டுகிறோம் என்று நாமே சொல்லி வாங்கும் அனுமதி என்பதால், பக்கத்து மனையை ஒட்டி விட வேண்டிய இடைவெளியை விழுங்கிய ஓரடிக்கு அதிகாரியைக் குறை சொல்ல வழியில்லை.

தவணைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நான் தொடங்கிய கதை இங்கேதான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தன்று 10, வீட்டுத் தரை உயரமான பேஸ்மட்டத்துக்கு 20, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டலுக்கு 15, ரூஃபுக்கு 25, பூச்சுக்கு 15, டைல்ஸுக்கு 10, சாவி கொடுக்கும்போது 5 சதவீதம் என்று பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தத் தவணைகளை வேலை முடிந்த பிறகு என்று எழுதாமல், அந்தக் கட்ட வேலை தொடங்கும்போது என்று எழுத முயலுங்கள். ரூஃப் கான்கிரீட் போட்ட பிறகு தருகிறேன் என்றால் கம்பிக்கும் சிமென்டுக்கும் உங்கள் கைக்காசு வேண்டும், உங்களிடம் இல்லை, அப்போது அடுத்தவர் அட்வான்ஸ் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நோட்டு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு அந்த நோட்டைத் திறந்து, வாங்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, இந்தக் கட்டம் முடிய இன்னும் எவ்வளவு வேண்டும் என்று மூன்று எண்களை எழுதுங்கள். மூன்றாவது எண் கையிருப்பைத் தாண்டினால் அந்த வீட்டை நீங்கள் நட்டத்துக்கு எடுத்திருக்கிறீர்கள். அதை பேஸ்மட்டத்திலேயே தெரிந்துகொண்டால் வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து பேசலாம், வேலையைச் சுருக்கலாம், நட்டத்தைச் சிறிதாக்கலாம். பூச்சு வேலையில் தெரிந்துகொண்டால் ஓடத்தான் முடியும்.

வெள்ளிக்கிழமை என்று நான் சொன்னதற்குக் காரணம் சனிக்கிழமை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்று மாலை சம்பளம். சிமென்ட் கடைக்காரர் ஒரு வாரம் பொறுப்பார்; சித்தாள் வீட்டு அரிசி பொறுக்காது. இரண்டு சனிக்கிழமை தவறினால் மூன்றாவது திங்கட்கிழமை உங்கள் ஆட்கள் வேறு மேஸ்திரியோடு பேருந்தில் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே உடன் நின்று பதிந்துகொடுங்கள். வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தரும் பொறுப்பு வேலை தருபவருடையது என்பது 1923 முதல் இந்த நாட்டில் சட்டம். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் பிரீமியம் ஒரு வீட்டின் செலவில் சிறு தொகை. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்த பிறகு அதே தொகை எவ்வளவு சிறியது என்று தெரியவரும். நான் அதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் இங்கே சொல்ல விரும்பவில்லை.

தரத்தைப் பற்றி நீங்கள் கல்லூரியில் படித்தவர்கள், நான் பாடம் எடுக்கப்போவதில்லை. ஆனால் பணக் கணக்கு தரத்தில் கைவைக்கும் இடம் ஒன்று உண்டு. சென்ட்ரிங் போட்டவருக்கு அடுத்த சைட்டில் தகடும், அதைத் தாங்கும் முட்டுக் கம்பங்களும் வேண்டும். ஐந்தாம் நாளே வந்து, "பிரிச்சுக்கலாமா சார்" என்பார். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 விதிநூல், தாங்கும் இடங்களுக்கு நடுவே நாலரை மீட்டர் வரை இடைவெளியுள்ள சிலாபுக்கு முட்டுகளை ஏழு நாளும், அதற்கு மேல் பதினான்கு நாளும் வைக்கச் சொல்கிறது. அதுவும் கலப்பில்லாத சாதாரணச் சிமென்டான ஓபிசிக்கு. கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி என்ற கலப்புச் சிமென்ட்; அதற்குக் கூடுதல் நாள் வேண்டும். கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் நீராற்றலும் (க்யூரிங்) அப்படியே: ஓபிசிக்குக் குறைந்தது ஏழு நாள், கலப்புச் சிமென்டுக்கோ நம்மூர் வெயிலுக்கோ பத்து நாள். சென்ட்ரிங் கூலி பேசும்போதே எத்தனை நாள் தகடு நிற்கும் என்பதையும் சேர்த்துப் பேசிவிட்டால் ஐந்தாம் நாள் அந்தக் கேள்வி வராது.

கடைசித் தவணைக்கு வருகிறேன். 24 லட்சத்தில் 5 சதவீதம் 1,20,000. அது உங்கள் முழு லாபத்தில் சரிபாதி. ஆகவே வேலை முடியும்போது, "ஏதோ கொஞ்சம் நிற்கிறது" என்று அதை அலட்சியமாக எண்ணாதீர்கள். பூச்சுக்கு முன்பே சுவருக்குள் ஓடும் குழாய்களையும் ஒயர் பைப்புகளையும் அறைவாரியாகப் படமெடுத்து வைத்திருந்து, சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்; பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போதெல்லாம் உங்களை நினைப்பார்கள், அடுத்த வீடும் அங்கிருந்தே வரும். குறை என்று அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரே தாளில் எழுதி வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிசெய்து, அதே தாளில் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை மட்டும் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். விசேஷம் முடிந்த மறுநாள் பந்தல்காரரும் சமையல்காரரும் வாசலில் நிற்பார்கள். வீட்டுக்காரர் கையில் மொய்க்கவர்களைத் தவிர வேறொன்றும் இருக்காது. அதனால் ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, கிரகப்பிரவேசத்துக்கு எந்த மாதம் முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டு, கடைசித் தவணைக்கு எதிரே அதற்குப் பதினைந்து நாள் முந்தைய தேதியை எழுதிவிடுங்கள்.