பெரிய அநீதி அடுப்படியில்தான்

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"நண்டுக்கு நாம் செய்யும் பெரிய அநீதி கடலிலா, அடுப்படியிலா?" இதுதான் இன்றைய தலைப்பு. கடலில்தான் என்று எதிரணியில் இருவர் பேசி முடித்துவிட்டார்கள். கயிறு அறுந்து தொலைந்த கூண்டுகள் கடலடியில் கிடந்து, எடுக்க ஆளே இல்லாமல் நண்டுகளைப் பிடித்துக்கொண்டே இருப்பதைச் சொன்னார்கள். முட்டை சுமக்கும் பெண் நண்டையும் விட்டுவைக்காமல் பிடிப்பதைச் சொன்னார்கள். வளராத குஞ்சுகளை அள்ளுவதைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் பேசிய நேரம் முழுக்க அவர்கள் வாயில் வந்தது நண்டு இனம், நண்டு வளம், நண்டின் எண்ணிக்கை. நான் ஒரே ஒரு நண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பானைக்குள் போகிற அந்த ஒரு நண்டு. இனத்துக்கு வலிக்காது, நடுவர் அவர்களே. வலித்தால் அந்த ஒரு நண்டுக்குத்தான் வலிக்கும்.

அடுப்படியில் என்ன நடக்கிறது? தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. உயிருள்ள நண்டை அதில் போடுகிறோம், மூடுகிறோம். மூடியை ஒரு கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஏன் பிடிக்கிறது? உள்ளே இருப்பது வெளியே வரப் பார்க்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியும். பாத்திரத்தின் பக்கச் சுவரில் கால்கள் பிறாண்டுகிற சத்தம் கேட்கும். பெரிய நண்டாக இருந்தால் அடங்குவதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள்கூட ஆகும். ஓடு தடிமன். நரம்பு மண்டலமும் நம்முடையது போலத் தலைக்குள் ஒரே இடத்தில் குவிந்தது அல்ல. அதனால் கொதிநீர் பட்டதும் எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது சரியில்லை.

இன்னொன்றும் நடக்கும். நண்டு தன் கால்களைத் தானே கழற்றிப் போட்டுவிடும். ஒவ்வொரு காலிலும் உடலை ஒட்டிய இடத்தில் இயற்கையே வைத்த ஒரு முறிவிடம் இருக்கிறது. எதிரி காலைக் கவ்வினால் அந்த இடத்தில் தசையை இறுக்கி, காலை விட்டுவிட்டு உயிரோடு தப்பும். அதே தந்திரத்தைத்தான் பானைக்குள்ளும் செய்து பார்க்கிறது. அங்கே தப்ப வழி ஏது? கால்கள் உதிர்ந்தால் தட்டில் பார்க்க நன்றாக இருக்காது, உடலுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடும் என்பதால் நண்டை முதலில் குளிர வைத்துவிட்டுச் சமைப்பவர்கள் உண்டு. தட்டின் அழகுக்காகச் செய்ய முடிகிற ஒரு வேலையை அந்த உயிரின் வேதனைக்காகச் செய்யக் கூடாதா?

ஆடோ கோழியோ என்றால் கத்தும். கேட்கிற நமக்குக் கை நடுங்கும். நண்டுக்குக் குரல் இல்லை. முகம் சுருங்காது. கண்ணில் நீர் வராது. அது வாய்விட்டு அழ முடியாத ஒன்றாகப் பிறந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால், வேறு எந்த உயிருக்கும் செய்யத் துணியாததை அதற்குச் செய்துகொண்டிருக்கிறோம்.

எதிரணி நண்பர் ஒருவர் சொன்னார்: "அது வலி அல்ல, வெறும் அனிச்சைச் செயல்." பல காலம் விஞ்ஞானிகளில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் இப்போது நிலைமை வேறு. பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளை வைத்து ஆராய்ந்தார். சங்குக்குள் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார். பிடிக்காத வகைச் சங்கில் இருந்த நண்டுகள் எளிதில் சங்கை விட்டு வெளியேறின. பிடித்த வகைச் சங்கில் இருந்தவை அதே அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு இருக்கப் பார்த்தன. இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். அனிச்சைச் செயல் என்றால் சூடு பட்ட கை சட்டென்று பின்னுக்குப் போவது மாதிரி, எந்த வீட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் நடக்க வேண்டும். "இந்த வீடு நல்ல வீடு, இதற்காகப் பொறுத்துக்கொள்ளலாமா" என்று எடைபோடுவது அனிச்சையின் வேலை அல்ல. உள்ளே ஏதோ ஒன்று கூட்டிக் கழித்துப் பார்க்கிறது.

கரை நண்டுகளிலும் சோதித்தார்கள். வெளிச்சமான இடத்தில் இரண்டு இருட்டுப் பொந்துகள். ஒன்றில் நுழைந்தால் அதிர்ச்சி, இன்னொன்றில் நிம்மதி. சில முறை பட்ட பிறகு பல நண்டுகள் பொந்தை மாற்றிக்கொண்டன. பட்டதை நினைவில் வைத்து, அடுத்த முறை விலகிப் போயின.

2021இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஜோனத்தன் பர்ச் தலைமையிலான குழு, இந்த வகை ஆய்வுகள் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றை அலசி, பிரிட்டன் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. நண்டுகளுக்கு உணர்வு உண்டு என்பதற்கு வலுவான சான்று இருப்பதாக அது சொன்னது. அடுத்த ஆண்டே அந்த நாட்டின் விலங்கு நலச் சட்டத்தில், உணர்வுள்ள உயிர்கள் என்ற வரையறைக்குள் நண்டும் இறாலும் சேர்ந்தன. அந்த அறிக்கை, வேறு வழி இருக்கும்போது கைவிட வேண்டியவை என்று சிலவற்றைச் சொன்னது: உயிரோடு கொதிக்க வைப்பது, பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்ல மெல்லச் சூடேற்றுவது, கடல் நண்டை நல்ல தண்ணீரில் முக்கிக் கொல்வது. உப்பில்லாத தண்ணீர் கடல் நண்டின் உடலுக்குள் ஊறி உள்ளிருந்தே அதைக் குலைக்கும். பலரும் அதை இரக்கமான வழி என்று நினைத்துச் செய்கிறார்கள்.

சரி, இப்போது எதிரணியின் கடலுக்குப் போவோம். அவர்கள் பெரிதாக எடுத்து வைத்த உதாரணம் அலாஸ்கா. பெரிங் கடலில் பனி நண்டுகள் ஆயிரம் கோடி அளவில் காணாமல் போயின, 2022இல் வரலாற்றில் முதல் முறையாக அந்த நண்டைப் பிடிக்கும் பருவத்தையே மூடினார்கள் என்று சொன்னார்கள். நடந்தது நடந்ததுதான். ஆனால் காரணத்தை முழுக்கச் சொல்லவில்லை. 2018, 2019 ஆண்டுகளில் அந்தக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடானது. சூட்டில் நண்டுக்கு உணவுத் தேவை கூடியது, இருந்த இடமும் சுருங்கியது, பட்டினியில் மடிந்தன என்பதுதான் ஆய்வாளர்கள் கண்டது. அந்தப் பழியை வலை போட்டவன் தலையில் மட்டும் ஏற்ற முடியாது. எண்ணிக்கை சரிந்தது தெரிந்ததும் மூடினார்களே, அதைக் கவனியுங்கள். கடலில் தவறு நடக்கிறது, ஆனால் அதைப் பார்க்க ஒரு கண்ணும் இருக்கிறது. பல நாடுகளில் ஓட்டின் அகலத்தை அளந்து, சிறியதைத் திரும்ப விட வேண்டும். பெண் நண்டை எடுக்கக் கூடாது என்ற விதி சில இடங்களில் உண்டு. கூண்டில் குஞ்சு வெளியேற வளையம் வைக்க வேண்டும். கூண்டு தொலைந்தாலும் சில காலத்தில் இற்றுப்போய்க் கதவு திறந்துகொள்ளும்படி பருத்திக் கயிற்றால் கட்ட வேண்டும். அடுப்படியில் யார் அளக்கிறார்கள்? சுவிட்சர்லாந்து 2018இல் உயிரோடு கொதிக்க வைப்பதைத் தடை செய்தது. நியூசிலாந்தின் 1999ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் நண்டையும் தன் காவலுக்குள் எடுத்துக்கொண்டது. இப்படி விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற இடங்களில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டால் கேட்பாரில்லை.

இனி எதிரணியின் மிகக் கனமான வாதம். ஃபுளோரிடாவின் கல் நண்டு. அங்கே முழு நண்டை எடுத்துப் போகக் கூடாது. கொடுக்கை மட்டும் முறித்துக்கொண்டு நண்டைக் கடலில் விட்டுவிட வேண்டும். அளவு சரியாக இருந்தால் இரண்டு கொடுக்குகளையும் எடுக்கலாம். கேட்டதும் எனக்கும் வயிறு கலங்கியது. ஆனால் நடுவர் அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். எதிரணியின் அளவுகோல்படி இதில் தப்பே இல்லை! நண்டு உயிரோடு திரும்புகிறது, கொடுக்கு சில ஆண்டுகளில் மறுபடி முளைக்கும், வளம் குறையாது என்றுதான் அந்த முறையை வகுத்தார்கள். பிறகு ஏன் நாம் எல்லோரும் முகத்தைச் சுளித்தோம்? கொடுக்கு போன நண்டு எப்படி இரை உடைக்கும், எப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும் என்று அந்த ஒரு உயிரை நினைத்ததால்தான். இரண்டு கொடுக்குகளையும் இழந்தவற்றில் ஏறக்குறையப் பாதி செத்துப்போனதாகச் சோதனைகளில் தெரிந்தது. ஆக, கடலில் நடக்கிற கொடுமையைக்கூடக் கொடுமை என்று உணர வைப்பது எண்ணிக்கை அல்ல, வலி. அந்த வலி உச்சத்துக்குப் போகிற இடம், யாரும் பார்க்காத இடம், அடுப்படி.

"உயிரோடு சமைக்காவிட்டால் நஞ்சாகிவிடும்" என்றார்கள். பாதி உண்மை. நண்டு செத்ததும் அதன் செரிமானச் சுரப்பியில் உள்ள நொதிகள் சதையைக் குழையச் செய்யும், கிருமிகள் வேகமாகப் பெருகும். செத்து மணிக்கணக்கில் கிடந்த நண்டை யாரும் தொடக் கூடாதுதான். ஆனால் சமைப்பதற்குச் சற்று முன் கொல்வதற்கும் மணிக்கணக்கில் போட்டுவைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. கொன்ற கையோடு பானையில் போட்டால் நொதிக்கும் நேரமில்லை, கிருமிக்கும் நேரமில்லை.

எப்படிக் கொல்வது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழி இருக்கிறது என்பதுதான் என் வாதத்துக்கே உயிர். பெரிய சமையற்கூடங்களுக்கு, மின்சாரம் பாய்ச்சி ஒரு நொடிக்குள் உணர்வை இழக்கச் செய்யும் இயந்திரம் வந்துவிட்டது. வீட்டில் என்றால், உப்புத் தண்ணீரும் பனிக்கட்டியும் கலந்த கூழில் நண்டை வையுங்கள். தொட்டால் கால் அசையாத, கண் காம்பு மடங்காத நிலை வரும்வரை பொறுங்கள். குளிர் உணர்வையே அணைக்கிறதா, அசைவை மட்டும் நிறுத்துகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. அதனால் அதோடு நிறுத்தக் கூடாது. நண்டை மல்லாக்கப் போட்டு, வயிற்றில் ஒட்டியிருக்கும் மடலைத் தூக்குங்கள். அதன் அடியில் ஒரு சிறு பள்ளம் தெரியும். அங்கே ஒரு நரம்பு மையம். முன்பக்கம் கண்களுக்கு அருகே இன்னொன்று. நண்டின் நரம்பு மண்டலம் இந்த இரண்டு இடத்தில்தான் திரண்டிருக்கிறது. கூரான கம்பியால் இரண்டையும் அடுத்தடுத்துக் குத்திச் சிதைத்தால் பத்து நொடிக்குள் வேலை முடிந்துவிடும். கேட்கக் கடினமாக இருக்கிறது, தெரிகிறது. நம் கையால் செய்ய வேண்டியிருக்கிறது, பார்த்துக்கொண்டே செய்ய வேண்டியிருக்கிறது. மூடியை அழுத்திப் பிடிப்பது நமக்கு எளிது. அந்த எளிமைக்கு விலை கொடுப்பது நண்டு.

"இவ்வளவு பேசுகிறவர் நண்டே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே?" அந்த முடிவுக்கு வருகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் சாப்பிடுவது என்று முடிவெடுத்த வீட்டிலும் அறத்துக்கு வேலை இருக்கிறது. உயிர் போகப் போகிறது என்பதால் அது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று ஆகிவிடாது.

நடுவர் அவர்களே, கடலில் நடக்கும் அநீதியைத் தடுக்கச் சட்டம் வேண்டும், படகு வேண்டும், அரசுகள் உட்கார்ந்து பேச வேண்டும். இந்த அவையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு கூண்டைக்கூடக் கடலில் இறக்கியிருக்க மாட்டார்கள். பானையை அடுப்பில் ஏற்றியவர்கள், ஏற்றச் சொல்லிக் காத்திருந்தவர்கள் இங்கே நிறையப் பேர். நம் கைக்கு எட்டிய தூரத்தில், பத்து நொடியில் தவிர்க்கக் கூடியதைத் தவிர்க்காமல் விடுகிறோமே, அதைத்தான் பெரிய அநீதி என்று எங்கள் அணி சொல்கிறது. தீர்ப்பைத் தங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.