ஓசை இல்லாத சுருள்கள்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றையாவது நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இப்போது தமிழிலேயே டப்பிங் செய்து போடுகிறார்கள். குண்டுவீச்சு விமானங்கள் அணி அணியாகப் போகும், எஞ்சின் உறுமும், இயந்திரத் துப்பாக்கி தடதடக்கும், அடிபட்ட விமானம் ஊளையிட்டுக்கொண்டே கீழே விழும். இந்தச் சத்தம் எதுவும் அந்தச் சுருள்களில் கிடையாது. பறக்கும் விமானத்துக்குள் எடுத்த போர்க்காலப் படச்சுருள்கள் அனேகமாக எல்லாமே ஊமைப்படங்கள்தான்.

நான் எடிட்டிங் மேசையில் வேலை பார்த்தவன். வெட்டி ஒட்டுவதுதான் பிழைப்பு. அதனால் ஒரு காட்சியைப் பார்த்தால், இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்றுதான் மனம் முதலில் கேட்கும். அந்த ஊளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஜெர்மானியர்களின் 'ஸ்டூக்கா' என்ற ஒரே ஒரு விமான வகைக்கு உரிய சத்தம். அதன் சக்கரக் காலில் ஒரு சிறிய காற்றாடிச் சங்கு பொருத்தியிருந்தார்கள். விமானம் செங்குத்தாகப் பாயும்போது காற்றின் வேகத்தில் அது சுழன்று ஊளையிடும். கீழே இருப்பவர்களை நடுங்க வைப்பதற்காகவே செய்த ஏற்பாடு. விமானத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று பிற்பாடு அதையும் பல விமானங்களில் கழற்றிவிட்டார்கள். ஆனால் படங்களில் மட்டும் அமெரிக்க விமானம் விழுந்தாலும் அதே ஊளை, ஜப்பானிய விமானம் விழுந்தாலும் அதே ஊளை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. எந்த நாட்டு விமானம், யார் அதில் இருந்தார்கள் என்பதையெல்லாம் அந்த ஒரே சத்தம் அழித்துவிடுகிறது.

சரி, ஏன் ஒலி இல்லை? கேமரா என்பது கையில் பிடிக்கிற பெட்டி. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டுப் படம் எடுக்க வேண்டும். 100 அடிச் சுருள் போடுவார்கள். 16 மில்லிமீட்டர் பிலிமில் அது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. 35 மில்லிமீட்டரில் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒலிப்பதிவுக்கு அந்த நாளில் தேவைப்பட்ட கருவிகளைப் பறக்கும் விமானத்தில் ஏற்ற வழியே இல்லை.

இந்த இடத்தில் வில்லியம் வைலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று பிரான்சில் இருக்கிற அல்சேஸ் பகுதியின் முல்ஹவுஸ் நகரில் பிறந்த யூதர், ஹாலிவுட்டில் பெரிய இயக்குநர். சுமார் 40 வயதில் அமெரிக்க ராணுவ விமானப் படையில் மேஜராகச் சேர்ந்து இங்கிலாந்துக்குப் போனார். பாசிங்போர்ன் விமானத் தளத்தில் இருந்து 'பறக்கும் கோட்டை' என்று பெயர் பெற்ற பி-17 குண்டுவீச்சு விமானங்களில் அவரே ஏறிப் பறந்தார். 1943 மார்ச்சில் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தபோது அவர் ஹாலிவுட்டில் இல்லை, இங்கிலாந்தில் இருந்தார். யூதரான அவர் ஜெர்மானியர் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த விமானத்துக்குள் இருப்பது எப்படி என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 25,000 அடி உயரம். நடுப்பகுதியில் துப்பாக்கிக்காரர் நிற்கும் ஜன்னல் திறந்தே இருக்கும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும். முகத்தில் ஆக்சிஜன் மூடி. கையுறையைக் கழற்றி உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறையைக் கழற்றாமல் பிலிம் மாற்றுவதோ பெரும்பாடு. கேமராவுக்குள் எண்ணெய் உறையும், பிலிம் விறைத்துப்போய் முறியும். இத்தனைக்கும் நடுவே, இந்தப் பக்கம் ஒரு எதிரி விமானம் வருகிறது என்றால் திரும்பி, ஃபோகஸ் வைத்து, கை நடுங்காமல் எடுக்க வேண்டும். அடுத்த முறை இந்தக் காட்சிகளைப் பார்க்கும்போது படம் ஆடுவதைக் கவனியுங்கள். அந்த ஆட்டம் ஒரு மனிதனின் கை.

வைலரின் குழுவில் ஹெரால்ட் டானன்பாம் என்பவர் இருந்தார். ஹாலிவுட்டில் ஒலிப்பதிவாளர். ஒலிப்பதிவுக்கு இடமே இல்லாத வேலைக்கு வந்தவர், கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் ஏறினார். 1943 ஏப்ரலில் அவர் பறந்த விமானத்தை பிரான்சுக்கு மேலே சுட்டு வீழ்த்தினார்கள். அவர் திரும்பி வரவில்லை.

இப்படிச் சேர்ந்த சுருள்களிலிருந்து 'மெம்ஃபிஸ் பெல்' என்ற விமானத்தைப் பற்றிய ஆவணப்படம் உருவாகி, 1944-இல் திரையரங்குகளுக்கு வந்தது. வண்ணப்படம், கோடாக்ரோம் பிலிமில் எடுத்தது. அதில் விமானிகள் ஒருவரோடு ஒருவர் பதற்றமாகப் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். அந்தப் பேச்சு வானத்தில் பதிவானது அல்ல. 25 தாக்குதல்களை முடித்துத் தாய்நாடு திரும்பிய அதே வீரர்களைப் பிற்பாடு ஹாலிவுட்டுக்கு வரவழைத்து, திரையைப் பார்த்துப் பேச வைத்தார்கள். நம்மூரில் நடிகர்கள் டப்பிங் தியேட்டரில் நிற்கிறார்களே, அப்படித்தான். பல விமானங்களில் பல நாட்கள் எடுத்ததை ஒரே விமானத்தின் ஒரே நாள் பயணமாகத் தொகுத்தார் வைலர். எடிட்டராக எனக்கு அதில் குறை இல்லை. உயிரோடு திரும்பியவர்களின் சொந்தக் குரல், அதற்கு மதிப்பு உண்டு. என் கவலை வேறு. அந்த ஒரு படத்தையே போராக நாம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மறந்துவிடுகிறோம்.

மிச்சம் என்பது ரஷ். அதாவது வெட்டாத முழுச் சுருள்கள். அந்தப் படம் சுமார் முக்கால் மணி நேரம்தான். ஆனால் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் வைலர் குழு எடுத்த சுருள்கள் சுமார் 15 மணி நேரத்துக்கு இருந்தன. எரிக் நெல்சன் என்ற இயக்குநர் அவற்றைத் தேடி எடுத்து, துப்புரவாக்கி, 2018-இல் புதிய படமாகத் தந்தார். குண்டு ஏற்றுகிற தரைப் பணியாளர்கள், காத்திருக்கிற பையன்கள். ஆமாம், பையன்கள், பலருக்கு 20 வயதுதான். இந்த விமானங்கள் சேர்ந்த எட்டாவது விமானப் படையில் மட்டும் 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள். வெட்டிய படத்தில் ஒரு முகம் மூன்று நொடி வரும். ரஷ்ஷில் அதே முகம் சிரித்து, கேமராவைப் பார்த்துக் கூச்சப்பட்டு, திரும்பிக்கொள்வதுவரை இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், வெட்டிய படத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, ரஷ்ஷைக் காப்பாற்ற வேண்டும்.

வைலரைப் பற்றி இன்னும் ஒன்று. 1945-இல் இத்தாலியில் பி-25 விமானத்தில் இருந்து படம் எடுத்தபோது, எஞ்சின் இரைச்சலில் அவர் காது கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தார். நாம் எந்தச் சுருளிலும் கேட்க முடியாத சத்தம் அது. போருக்குப் பிறகு ஒலிபெருக்கிக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த படத்தை இயக்கினார். அதற்கும் ஆஸ்கர் கிடைத்தது.

சண்டை விமானங்களின் துப்பாக்கிக் கேமராவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே இருந்து நேரம் காட்டுகிறார்கள், அதனால் சுருக்கமாக. விசையை அழுத்தினால் துப்பாக்கியோடு சேர்ந்து கேமராவும் ஓடும். இத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தினோம் என்று விமானிகள் சொல்லும் கணக்கு பெரும்பாலும் கூடுதலாக இருந்ததால் சாட்சிக்கு இது உதவியது. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் விழுந்தவை சுமார் 60.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பரணில் பழைய 8 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர் சுருள்கள் இருந்தால் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது. மற்றச் சுருள்களிலிருந்து அதைப் பிரித்து, ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் வையுங்கள். சீக்கிரம் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள், முழுச் சுருளையும், வெட்டாமல். நன்றி, வணக்கம்.